கணக்கில் வராத தாள்

மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர்களுக்கு 18 என்ற எண் மனப்பாடம். 2009ஆம் ஆண்டு சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்துத் தந்த அட்டவணையின்படி, 15 முதல் 25 வயதுக்குள் இருக்கும் ஒருவர் விபத்தில் இறந்தால், அவருடைய குடும்பம் ஆண்டுதோறும் இழக்கும் தொகையை 18ஆல் பெருக்க வேண்டும். வயது ஏற ஏற இந்தப் பெருக்கி இறங்கும். 26 முதல் 30 வரை 17, 41 முதல் 45 வரை 14, 51 முதல் 55 வரை 11 என்று வந்து, 65ஐத் தாண்டியவருக்கு 5இல் நிற்கும். மாதம் 20,000 ரூபாய் சம்பாதித்த 25 வயதுத் தச்சர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆண்டு வருமானம் 2,40,000. எதிர்கால வருமான உயர்வுக்காக 2017ஆம் ஆண்டின் பிரணய் சேத்தி தீர்ப்பின்படி 40 விழுக்காடு கூட்டினால் 3,36,000. நான்கு பேர் அவரை நம்பி இருந்தால், அவருடைய சொந்தச் செலவுக்கென்று நாலில் ஒரு பங்கைக் கழித்து 2,52,000. அதை 18ஆல் பெருக்கினால் 45,36,000 ரூபாய். எங்கள் அலுவலகத்தில் சேரும் ஜூனியர்கள் இந்தக் கணக்கை ஒரே வாரத்தில் கற்றுக்கொள்கிறார்கள். ஆனால் அந்தப் பெருக்கி ஏன் 18, ஏன் 30 இல்லை, ஏன் 12 இல்லை என்று கேட்டால், நன்றாகப் படித்து வந்தவர்களும் தயங்கி நிற்கிறார்கள்.

அதற்கான விடை சட்டப் புத்தகத்தில் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி ஆயுள் காப்பீட்டுக் கணிதத்தில் இருக்கிறது. நாற்பது ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாக வந்திருக்க வேண்டிய பணம் இன்றைக்கே மொத்தமாகக் கைக்கு வருவதால், அதை வங்கியில் இட்டு வட்டி வாங்கலாம். அந்த வட்டியைக் கணக்கிட்டுக் கழித்த பிறகு வரும் இன்றைய மதிப்புதான் பெருக்கியின் அடிப்படை. மேலே சொன்ன தச்சர் 65 வயது வரை உழைத்திருப்பார் என்று வைத்துக்கொண்டால், 40 ஆண்டுகளுக்குப் பெருக்கி 18 என்பது நாலரை விழுக்காட்டுக்குச் சற்று மேலான வட்டியைத் தனக்குள் வைத்திருக்கிறது. அதே கணக்கை 45 வயதானவருக்குப் போட்டுப் பார்த்தால், 20 ஆண்டுகளுக்குப் பெருக்கி 14 என்பதால், வட்டி ஏறத்தாழ 3.7 விழுக்காடாகக் குறைந்துவிடுகிறது. 55 வயதானவருக்கு மிச்சம் 10 ஆண்டுகள், பெருக்கியோ 11. அங்கே வட்டி என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆக, ஒரே அட்டவணை வெவ்வேறு வயதுக்காரர்களுக்கு வெவ்வேறு வட்டி விகிதத்தை மனத்தில் கொண்டு நடக்கிறது. இதைக் குறையாகச் சொல்ல நான் வரவில்லை. தீர்ப்பாயத்துக்குத் தீர்ப்பாயம் பெருக்கி மாறிக்கொண்டிருந்த குழப்பத்தை அந்தத் தீர்ப்பு தீர்த்து வைத்தது. அந்த நன்மை பெரிது. ஆனால் அட்டவணைக்குள் என்ன இருக்கிறது என்று அறிந்த வழக்கறிஞர் வாதிடும் விதமும், அறியாதவர் வாதிடும் விதமும் ஒன்றாக இருக்க முடியாது. இப்படிப்பட்ட அறிவைச் சட்ட மாணவர் வேறு துறையில் போய்க் கற்றால், அந்தத் தாள் அவருடைய சட்டப் பட்டத்திலும் எண்ணப்பட வேண்டும் என்பதே என் வாதம்.

நான் இளநிலைப் புள்ளியியல் முடித்துவிட்டு மூன்றாண்டுச் சட்டப் படிப்பில் சேர்ந்தவள். இரண்டாம் ஆண்டில் தீங்கியல் தாளின், அதாவது ஒருவர் விளைவித்த தீங்குக்கு இழப்பீடு கேட்கும் சட்டத்தைப் பற்றிய தாளின், ஒரு பகுதியாக மோட்டார் வாகன இழப்பீட்டைப் படித்தபோதுதான் இந்த ஐயம் எனக்கு முதலில் எழுந்தது. என் பழைய கல்லூரியில் காப்பீட்டுக் கணிதம் ஒரு விருப்பத் தாளாக நடந்துகொண்டிருந்தது. என்னுடைய ஆறு விருப்பத் தாள்களில் ஒன்றாக அதை எடுத்துக்கொள்ளலாமா என்று சட்டக் கல்லூரியில் என் பேராசிரியரிடம் கேட்டேன். அவர் சினக்கவில்லை, சிரிக்கவும் இல்லை; அலமாரியிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்து விரித்து வைத்து, "படித்துப் பாரம்மா, உனக்கே தெரியும்" என்றார். நான் படித்தேன். பிறகு, பழைய ஆசிரியர் இசைந்ததால், சனிக்கிழமைகளில் அந்த வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். வருகைப்பதிவு இல்லை, தேர்வு இல்லை, மதிப்பெண் இல்லை. தேர்வு இல்லாத பாடத்தை மனிதர் எப்படிப் படிப்பார்களோ அப்படியே நானும் படித்தேன். பாதியில் செமஸ்டர் தேர்வு வந்தது, விட்டுவிட்டேன். மீதியைப் பத்து ஆண்டுகள் கழித்து, வழக்குக் கட்டுகளுக்கு நடுவே, தனியாகக் கற்றுக்கொண்டேன்.

அன்று நான் படித்த விதிகள், வழக்கறிஞர் தொழிலை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சில் வகுத்த 2008ஆம் ஆண்டின் சட்டக் கல்வி விதிகள். சட்டக் கல்வியின் தரத்தை வகுக்கும் அதிகாரத்தை 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டமே பார் கவுன்சிலுக்குக் கொடுத்திருக்கிறது. எனவே எந்தப் பாடம் பட்டத்துக்குக் கணக்காகும் என்பதைப் பல்கலைக்கழகம் தன் விருப்பப்படி முடிவு செய்ய இயலாது. அந்த விதிகளின் இரண்டாம் அட்டவணை, ஒப்பந்தச் சட்டம், அரசமைப்புச் சட்டம், சாட்சியச் சட்டம், உரிமையியல் நடைமுறை என்று 20 கட்டாயச் சட்டத் தாள்களையும், வரைவு எழுதுதல், தொழில் நெறி, மாற்றுமுறைத் தீர்வு, மாதிரி நீதிமன்றம் என்று 4 செய்முறைத் தாள்களையும், குறைந்தது 6 விருப்பத் தாள்களையும் கேட்கிறது. விருப்பத் தாள்கள் என்று சொல்லப்படுபவை எல்லாம் அரசமைப்பு, வணிகம், குற்றவியல், அறிவுசார் சொத்து என்று குழு பிரித்த சட்டத் தாள்களே. ஆறாம் விதி இன்னும் கண்டிப்பானது: சட்டப் படிப்பில் இருக்கும் மாணவர் அதே வேளையில் வேறொரு பட்டப் படிப்பிலோ சான்றிதழ்ப் படிப்பிலோ பதிந்துகொள்ளக் கூடாது. மொழி, கணினி அறிவியல் ஆகியவற்றில் குறுகிய காலப் பகுதிநேரச் சான்றிதழ்ப் படிப்புகளுக்கும், பல்கலைக்கழகத் தொலைநிலைக் கல்வி மையங்கள் நடத்தும் படிப்புகளுக்கும் மட்டும் விலக்கு உண்டு. அந்த விலக்கும் படிப்பதற்குத்தான், பட்டத்தில் எண்ணுவதற்கு இல்லை.

ஒரே நேரத்தில் இரண்டு பட்டப் படிப்புகளைப் படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022 ஏப்ரலில் அறிவித்தபோது, அது சட்ட மாணவர்களுக்கும் அப்படியே பொருந்தும் என்று பலர் நம்பினார்கள், இன்றும் நம்புகிறார்கள். அந்த வழிகாட்டுதல்களே தொழில்முறைக் கவுன்சில்களின் விதிகளுக்கு உட்பட்டவை என்பதைச் சட்டம் படிக்கும் பிள்ளைகள் கட்டாயம் கவனிக்க வேண்டும். இரண்டு இடங்களிலும் முழுக் கட்டணம் கட்டிவிட்டு, வழக்கறிஞராகப் பதிவு செய்யப் போகும் நாளில் ஆறாம் விதியின் முன் போய் நிற்கும் நிலை யாருக்கும் வர வேண்டாம்.

ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பில் பொருளாதாரமும் அரசியல் அறிவியலும் சமூகவியலும் ஏற்கெனவே இருக்கின்றனவே என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கின்றன, அவை பட்டத்துக்கும் எண்ணப்படுகின்றன. 1980களில் ஐந்தாண்டுப் படிப்பு வந்தபோதும், 1987இல் பெங்களூரில் தேசியச் சட்டப் பள்ளி தோன்றியபோதும், சட்டத்தைச் சமூக அறிவியல்களோடு சேர்த்துப் பயிற்றுவிக்க வேண்டும் என்ற கருத்து வலுவாக இருந்தது. அந்தக் கருத்து சரியானது. அந்தத் தாள்களைப் படிப்பின் எந்த இடத்தில் வைத்தோம் என்பதில்தான் எனக்கு மனக்குறை. பெரும்பாலான கல்லூரிகளில் அவை முதல் இரண்டு ஆண்டுகளில், சட்டம் என்ன கேள்வி கேட்கும் என்பது மாணவருக்குத் தெரிவதற்கு முன்பே, கல்லூரி தேர்ந்து கொடுத்த வரிசையில் வந்து முடிந்துவிடுகின்றன. பதினெட்டு வயதில் தேவைக்கும் அளிப்புக்கும் கோடு வரைந்து தேர்வு எழுதிய பெண், நான்காம் ஆண்டில் 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டத்தைப் படிக்கும்போது, "தொடர்புடைய சந்தை" என்ற சொல்லின் முன் திகைத்துப் போகிறாள். ஒரு பொருளின் விலை சற்று உயர்ந்தால் வாங்குவோர் வேறு எந்தப் பொருளுக்கு மாறிப் போவார்கள் என்ற கேள்விதான் அந்தச் சொல்லின் உயிர். அதை அளக்கும் வழியைப் பொருளாதாரத் துறையில் ஒரு செமஸ்டர் உட்கார்ந்து கற்க அவளுக்கு அப்போதுதான் உண்மையான காரணம் இருக்கிறது. அப்போதுதான் கதவும் மூடியிருக்கிறது.

என் அக்காள் மகள் அமெரிக்காவில் சட்டம் படிக்கிறாள். சென்ற ஆண்டு அவள் தொலைபேசியில், பொதுச் சுகாதாரத் துறையில் நோய்ப்பரவலியல் படிக்கப் போவதாகவும், அது தன் சட்டப் பட்டத்துக்கே கணக்காகும் என்றும் சொன்னபோது, எனக்கு மகிழ்ச்சியோடு சற்று ஏக்கமும் வந்தது. அன்று இரவே அங்குள்ள முறையைத் தேடிப் படித்தேன். அங்கே சட்டக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் அமெரிக்கன் பார் அசோசியேஷனின் தரவிதி 311இன்படி, ஜே.டி. என்ற சட்டப் பட்டத்துக்குக் குறைந்தது 83 கிரெடிட்கள், அதாவது பாட அலகுகள், வேண்டும். அவற்றில் குறைந்தது 64 கிரெடிட்கள், சட்டக் கல்லூரியின் முறையான வகுப்பறைப் பாடங்களிலோ ஆசிரியரின் நேரடிப் பயிற்றுவிப்பிலோ வந்திருக்க வேண்டும். அதே பல்கலைக்கழகத்தின் வேறு துறையில் படிக்கும் பாடம் அந்த 64இல் சேராது; மிச்சமுள்ள 19இல் சேரலாம். சட்ட ஆய்விதழில் செய்யும் பணி, மாதிரி நீதிமன்றப் போட்டிகள் போன்றவற்றுக்கும் அந்த 19க்குள்தான் இடம் என்பதால், முழுவதையும் வேறு துறைகளுக்கே செலவிடுவோர் குறைவு. அந்த மேல்வரம்புக்குள் ஒவ்வொரு கல்லூரியும் தன் கணக்கை இன்னும் இறுக்கமாக வைத்துக்கொள்கிறது.

அந்த முறையில் என்னை ஈர்த்தவை எண்களைவிட நிபந்தனைகளே. பல கல்லூரிகளில் மாணவர் பாடம் தொடங்கும் முன்பே அனுமதி பெற வேண்டும். அந்தப் பாடம் தன் சட்டப் படிப்போடு எப்படிப் பொருந்துகிறது என்று எழுதித் தர வேண்டும். பாடம் முதுநிலைத் தரத்தில் இருக்க வேண்டும். சட்டக் கல்லூரியிலேயே நடக்கும் பாடத்தின் மறுபதிப்பாக இருக்கக் கூடாது. கிரெடிட் கணக்கில் ஏறும். ஆனால் அந்தத் துறை தரும் மதிப்பெண் சட்டக் கல்லூரியின் சராசரியில் கலக்காது. இந்தக் கடைசி நிபந்தனை மிகவும் நுட்பமானது. எளிதாக மதிப்பெண் கிடைக்கும் துறையைத் தேடிப் போகும் ஆசையை அது வேரிலேயே வெட்டிவிடுகிறது. சட்டமும் வணிக நிர்வாகமும் சேர்த்துப் படிப்பவர்கள், தனித்தனியாக மூன்றும் இரண்டும் ஐந்தாண்டுகள் ஆகும் படிப்பை நான்கு ஆண்டுகளில் முடிப்பதற்கும் அடிப்படை இதுவே; சில பாடங்களை இரண்டு பட்டங்களும் தத்தம் கணக்கில் ஏற்றுக்கொள்கின்றன.

இது அங்கே ஒரே நாளில் வந்துவிட்டதும் இல்லை. தீர்ப்புகளை மட்டுமே படித்துச் சட்டத்தைக் கற்கும் முறையை ஹார்வர்டில் லாங்டெல் 1870இல் தொடங்கி வைத்தபோது, சட்டம் தனக்குள்ளேயே நிறைவு பெற்ற ஓர் அறிவியல் என்ற நம்பிக்கை இருந்தது. அந்த நம்பிக்கையை அசைக்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1920களில் கொலம்பியா சட்டக் கல்லூரி தன் பாடத்திட்டத்தைச் சமூக அறிவியல்களோடு இணைத்துத் திருத்தி அமைக்க முயன்று, உள்ளேயே கருத்து மாறுபாடு எழுந்து, சில பேராசிரியர்களை இழந்தது. 1928இல் யேல் சட்டக் கல்லூரி, சட்டப் பட்டமே பெறாத வால்டன் ஹாமில்டன் என்ற பொருளாதார அறிஞரைச் சட்டப் பேராசிரியராக அமர்த்திக்கொண்டது. சிகாகோவில் ஆரன் டைரக்டர் என்ற பொருளாதார அறிஞரும் எட்வர்ட் லீவை என்ற சட்ட அறிஞரும் ஒரே வகுப்பறையில் நின்று ஏகபோகத் தடைச் சட்டத்தை நடத்தினார்கள். முதலில் வேறு துறை ஆசிரியர்கள் சட்டக் கல்லூரிக்குள் வந்தார்கள். அதனால் வேறு துறைக்குப் போகும் மாணவரை அங்கே யாரும் விலகிப் போகிறவராகப் பார்க்கவில்லை.

நம்மிடம் இல்லாதது விதி மட்டும் இல்லை, இடமும்தான். அமெரிக்காவில் சட்டக் கல்லூரி பெரும்பாலும் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் உறுப்பு. அடுத்த கட்டடத்தில் மருத்துவமும் அதற்கடுத்ததில் கணினியும் இருக்கும். தமிழ்நாட்டில் 1891இல் தொடங்கிய சென்னைச் சட்டக் கல்லூரி நெடுங்காலம் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தது. அது இருந்த உயர் நீதிமன்ற வளாகத்திலிருந்து சேப்பாக்கத்தின் பல்கலைக்கழகத் துறைகளுக்கு ஒரு பேருந்தில் போய்விடலாம். சட்டக் கல்விக்கென்றே தனிப் பல்கலைக்கழகம் 1997இல் வந்தபோது, சட்டக் கல்லூரிகள் அதன் கீழ் வந்தன. 2018இல் அந்தப் பழைய கல்லூரியும் நகரத்தை விட்டுப் புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் இடம்பெயர்ந்தது. தனிப் பல்கலைக்கழகத்தால் சட்டக் கல்விக்குக் கிடைத்த கவனம் மதிக்கத்தக்கது. ஆனால் பக்கத்துத் துறை என்று ஒன்று இல்லாமல் போனது அதற்கு நாம் கொடுத்த விலை. விதி நாளையே மாறினாலும், மாணவர் எழுந்து நடந்து போய் உட்கார ஒரு வகுப்பறை அருகில் வேண்டும். எனவே, அருகிலுள்ள கலைக் கல்லூரியோடும் பொறியியல் கல்லூரியோடும் ஒப்பந்தம் செய்துகொள்ளாமல் இது நடக்காது. வருகைப்பதிவும் அந்த ஒப்பந்தத்தில் அடங்க வேண்டும். தாள்தோறும் 70 விழுக்காடு வருகையை விதி கேட்கும்போது, இரண்டு இடத்துக் கால அட்டவணையும் மோதிக்கொண்டால் அடிபடுகிறவர் மாணவரே.

இனி, நான் உடன்படாத ஒரு கோரிக்கையையும் சொல்ல வேண்டும். சட்டத்துக்கு வருவதற்கு முன் படித்த பாடங்களையும் கணக்கில் எடுத்து, பொருளாதாரப் பட்டதாரியை ஐந்தாண்டுப் படிப்பின் மூன்றாம் ஆண்டில் நேரே சேர்த்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்கிறார்கள். பதின்மூன்றாம் விதி அதைத் தெளிவாகத் தடுக்கிறது. ஒருங்கிணைந்த படிப்பில் நடுவில் நுழைவதும் நடுவில் ஒரு பட்டத்தோடு வெளியேறுவதும் கூடாது என்கிறது. என் புள்ளியியல் பட்டத்தின் ஒரு தாளைக்கூடச் சட்டப் பட்டத்தில் எண்ணியிருக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அந்தத் தாள்களைப் படித்தபோது என் மனத்தில் சட்டக் கேள்வி எதுவும் இல்லை. எந்த வயதுவரை எத்தனை பேர் உயிரோடிருப்பார்கள் என்று காட்டும் வாழ்நாள் அட்டவணையை நான் முதன்முதலில் பார்த்தது காப்பீட்டு நிறுவனத்தின் கண்ணால். கணவனை இழந்த ஒருத்தியின் மனுவோடு அதைச் சேர்த்துப் பார்க்க எனக்கு ஒரு தீங்கியல் தாள் தேவைப்பட்டது. அமெரிக்காவிலும் சட்டக் கல்லூரியில் சேர்ந்த பிறகு படித்த வேறு துறைப் பாடத்துக்குத்தான் இந்தக் கணக்கு. கேள்வியோடு போகிறவருக்குத்தான் அந்த வகுப்பு சட்டப் படிப்பாகிறது.

வேறு துறைக்குப் பிள்ளைகளை அனுப்பினால் சட்டத்தின் அடிப்படையே ஆட்டம் கண்டுவிடும் என்ற அச்சத்தை மூத்த வழக்கறிஞர்கள் சிலரிடம் கேட்டிருக்கிறேன். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் ஓர் ஆணையின் எண்ணைச் சொல்லத் தெரியாதவன் புள்ளியியல் படித்து என்ன செய்யப்போகிறான் என்று அவர்கள் கேட்கிறார்கள். அந்த 20 கட்டாயத் தாள்களில் ஒன்றைக்கூடத் தொட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 4 செய்முறைத் தாள்கள் இன்னும் கூடினாலும் மகிழ்வேன். என் பேச்சு அந்த 6 விருப்பத் தாள்களைப் பற்றியது மட்டுமே. மேலும், வழக்கறிஞராகத் தொழில் நடத்த விரும்பும் சட்டப் பட்டதாரிகள் எழுத வேண்டிய அகில இந்திய பார் தேர்வு 2011 முதல் நடந்து வருகிறது. அதை நடத்தும் அதிகாரம் பார் கவுன்சிலுக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு 2023 பிப்ரவரியில் உறுதி செய்திருக்கிறது. தொழிலின் வாசலில் அப்படி ஒரு காவல் நிற்கும்போது, படிப்பின் கடைசி அறை வரைக்கும் பூட்டு வேண்டுமா என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதை இப்போது எழுதத் தூண்டியவர் எங்கள் அலுவலகத்தில் பயிற்சிக்கு வரும் நான்காம் ஆண்டு மாணவி ஒருவர். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம், மின்னணுப் பதிவுகளுக்கு 63ஆம் பிரிவில் ஒரு சான்றிதழைக் கேட்கிறது. அதன் படிவத்தில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. முதல் பகுதியைத் தரப்பினரும் இரண்டாம் பகுதியை வல்லுநரும் நிரப்ப வேண்டும். கோப்பின் ஹேஷ் மதிப்பையும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும், அதன் கைரேகை போன்ற ஓர் எண்), அது எந்த வழிமுறையால் கணக்கிடப்பட்டது என்பதையும் இருவரும் குறிக்க வேண்டும். எஸ்.எச்.ஏ.1, எஸ்.எச்.ஏ.256, எம்.டி.5, பிற என்று நான்கு கட்டங்கள். எதிர்த்தரப்பு தாக்கல் செய்த ஒரு காணொளியின் சான்றிதழில் எம்.டி.5 என்ற கட்டத்தில் குறியிடப்பட்டிருந்தது. அந்தப் பெண் இணையத்தில் தேடி, எம்.டி.5 முறை 2004லேயே உடைக்கப்பட்டுவிட்டது, எஸ்.எச்.ஏ.1 முறை 2017இல் உடைந்தது என்று கண்டுபிடித்து, சான்றிதழையே தள்ளுபடி செய்யக் கேட்கலாம் என்று மிகுந்த உற்சாகத்தோடு என்னிடம் வந்தார்.

எனக்கு அந்த உற்சாகம் பிடித்திருந்தது. ஆனால் அந்த வாதம் பாதி அறிவில் நின்றது. உடைந்தது என்றால், ஒருவர் முன்கூட்டியே திட்டமிட்டு ஒரே ஹேஷ் மதிப்புத் தரும் இரண்டு கோப்புகளைத் தானே உருவாக்க முடியும் என்று பொருள். வேறொருவர் ஏற்கெனவே உருவாக்கி வைத்த கோப்புக்கு ஒத்த மதிப்பு வரும்படி இன்னொன்றைச் செய்வது வேறு வேலை. அது இன்றும் நடைமுறையில் கைகூடாது. ஆகவே, காணொளியைப் பதிவு செய்தவரே அதை மாற்றினார் என்பது நம் வழக்காக இருந்தால் எம்.டி.5 ஒரு கேள்வியாகும். இடையில் கைமாறிய யாரோ மாற்றினார் என்பது வழக்காக இருந்தால் ஆகாது. இந்த வேறுபாட்டைக் கணினித் துறையின் தகவல் பாதுகாப்புத் தாள் ஒன்று, முறையாக, பயிற்சிக் கணக்குகளோடு சொல்லிக் கொடுத்துவிடும். ஒரு மணி நேரச் சிறப்புரையாலோ, இணையத்தில் தேடிப் பிடித்த ஒரு வரியாலோ அது வராது. பாதி தெரிந்துகொண்டு சாட்சிக்கூண்டில் நிற்கும் வல்லுநரைக் குறுக்கு விசாரணை செய்யப் போனால், அவர் ஒரே விடையில் நம் வழக்கை முடித்துவிடுவார்.

"அக்கா, இதைப் படிக்கிறேன், ஆனால் படித்தால் என் ஆறில் ஒன்றாக எண்ணுவார்களா?" என்று அந்தப் பெண் கேட்டார். இன்றைய விதியில் எண்ண மாட்டார்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. கணினி அறிவியலில் குறுகிய காலச் சான்றிதழ்ப் படிப்புக்கு ஆறாம் விதியில் விலக்கு இருப்பதால், அதில் சேர்ந்தால் விதிமீறல் ஆகாது என்பதை மட்டும் விதிப் புத்தகத்தை விரித்துக் காட்டினேன். அப்போது என் பேராசிரியரின் குரல் என் காதில் கேட்டது.

பாடத்திட்டக் குழு எப்போதாவது வழக்கறிஞர்களிடம் கருத்துக் கேட்டால் அனுப்புவதற்கென்று ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். ஆறு விருப்பத் தாள்களில் இரண்டை, மூன்றாண்டுப் படிப்பில் நான்காம் செமஸ்டருக்குப் பிறகு, ஐந்தாண்டுப் படிப்பில் ஏழாம் செமஸ்டருக்குப் பிறகு, அங்கீகரிக்கப்பட்ட வேறு கல்லூரித் துறையில் எடுக்க இடம் தர வேண்டும். மாணவர் எந்தச் சட்டக் கேள்விக்காக அங்கே போகிறார் என்று முன்கூட்டியே ஒரு பக்கம் எழுதி, சட்ட ஆசிரியர் ஒருவரின் ஒப்புதல் பெற வேண்டும். தேர்ச்சி மட்டும் பட்டத்தில் ஏற வேண்டும். மதிப்பெண் தர வரிசையில் கலக்கக் கூடாது. பாடம் முடிந்ததும், அந்தக் கேள்விக்குக் கிடைத்த விடையை ஒரு தீர்ப்போடு சேர்த்து எழுதி, சட்டக் கல்லூரியில் வாய்மொழித் தேர்வுக்கு நிற்க வேண்டும். அமெரிக்க விதியிலிருந்து எடுத்துக்கொண்டவை இதில் பாதி. கடைசி நிபந்தனை என்னுடையது. இந்த ஏற்பாடு தொடங்கும் முதலாண்டில் எந்தத் தாள்களை அனுமதிக்கலாம் என்ற இடத்தில் காப்பீட்டுக் கணிதம், தகவல் பாதுகாப்பு, தடய மருத்துவம், செலவுக் கணக்கியல், தொழில்துறைப் பொருளாதாரம் என்று ஐந்தை எழுதியிருக்கிறேன். நிலப் பிரச்சினை வழக்குகளை நடத்தும் நண்பர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, நில அளவைத் தாளை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டார். எங்கள் மாவட்டத்தில் பாதி மேல்முறையீடுகள் புல வரைபடத்தைச் சரியாகப் படிக்கத் தெரியாததால் வருபவை என்பது அவருடைய கருத்து. நேற்று அதையும் ஆறாவதாகச் சேர்த்துவிட்டேன்.